சீல் வைத்த அறை

கிராம அலுவலரின் ஜீப் மூன்றாவது முறை வந்தபோது
சிந்துவின் மடி கனத்துத் தொங்கியது.
"லில்லிபுஷ்பம், ஏறும். ஸ்கூல்ல கேம்ப்.
கஞ்சி உண்டு, பாய் உண்டு."
"பசுவுக்குப் பாய் உண்டுமா சார்?"
ஒன்றும் சொல்லாமல்
டார்ச் பேட்டரி இரண்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.
நல்ல மனுஷர்.

திருவட்டாரில், பரளியாற்றின் இந்தக் கரையில்,
இருநூற்று நாற்பது மழைக்காலம் பார்த்த வீடு.
அயனிப் பலகைச் சுவர், தேக்கு மச்சு,
நடுமுற்றத்தில் வானத்துக்கென்று ஒரு சதுரம்.
அண்ணன் துபாயில். தங்கை நாகர்கோவிலில்.
வழக்கு பத்மநாபபுரத்தில்.
வடக்கறைக் கதவில் கோர்ட்டு வைத்த அரக்கு.
நான் சம்பளத்துக்கு இருப்பவள்.
தூத்துவாரல், கரையானுக்கு மருந்து,
இரண்டு பசு, நான்கு ஆடு, பதினொரு கோழி,
மூன்று காலில் ஓடும் ஒரு நாய்.
மாதம் ஆறாயிரம்.
சில மாதம்.

முற்றத்துக் கல்லில் ஒரு வெடிப்பு உண்டு.
எனக்க அப்பனுக்க அப்பன்
தேங்காய் சுமந்து வந்து அதற்கு இப்புறமே நின்றார்.
நான் தாண்டலாம்,
கையில் வாரியல் இருந்தால்.

நடுராத்திரி தாண்டி ரப்பர் ஒடியத் தொடங்கியது.
ஒவ்வொரு மரமாகக் கேட்கவில்லை.
ஒரு மலை முழுக்க உட்கார்ந்து முறுக்கு தின்பதுபோல் கேட்டது.
தொழுவத்துத் தகரம் எழுந்து
வாழைக்கு மேலே போய்
எங்கோ விழுந்தது, விழுந்த சத்தம் வரவில்லை.
கயிறுகளை அறுத்தேன்.
ஆடுகள் தாமாக வந்தன. நாய் எனக்கு முன்னால்.
வெள்ளச்சி இருட்டுக்குள் திரும்பி ஓடினாள்.
சிந்து அந்த வெடிப்பில் நின்றுவிட்டாள்,
கொம்பில் மழை, கண்ணில் டார்ச்.
"கேறு பிள்ளே," என்றேன்,
"எனக்க கையிலயும் வாரியல் இல்ல."

உள்ளே வந்தபின்தான் தெரிந்தது,
காற்றும் கூட வந்திருக்கிறது.
வந்த வழி தெரியாமல்
வீட்டைத் தூக்கிப் பார்க்கிறது.
கழுக்கோல்கள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன.
ஓடு ஒன்று, பின் ஐந்து, பின் எண்ணவில்லை.
வெளியே போக அதற்கு ஒரு சன்னல்தான் உண்டு.
வடக்கறையில். அரக்குக்குப் பின்னால்.

தேங்காய் உரிக்கும் பாரையை எடுத்தேன்.
கோர்ட்டு, பிஸ்கட்டுபோல நொறுங்கியது.
ஆறு வருஷத்து வௌவால் நாற்றத்தின் வழியே நடந்து
சன்னலைத் தள்ளினேன்.
பஸ்ஸுக்கு நேரமான ஆள்போல
என்னை இடித்துக்கொண்டு போயிற்று காற்று.
கூரை உட்கார்ந்தது.

செதுக்கு வேலைக் கட்டில் கால்களில்
ஆட்டுக்கு ஒரு காலாக நாலையும் கட்டினேன்.
நாலு மணிக்கு, யாருக்கென்று தீராத தரையில்
சிந்து கன்று போட்டாள்.
கருப்பு. நெற்றியில் சுண்ணாம்பு விரல் வைத்ததுபோல் ஒன்று.

ஆறாம் நாள் போனுக்கு உயிர் வந்தது.
துபாய்.
"ஓடு எத்தனை போச்சு?"
"நூற்றிப் பதினேழு."
"சீல்?"
"கன்னு பிறந்திருக்கு," என்றேன்.
"என்னது?"
லைன் போய்விட்டது. நான் திரும்பக் கூப்பிடவில்லை.

வெள்ளச்சியை மூன்றாம் நாளே கண்டிருந்தேன்,
ஒடிந்த ரப்பரின் கீழ்.
பாலும் மழையும் அவள் முதுகில் உறைந்திருந்தன.
கயிற்றை அறுக்காமல் இருந்தால் என்று
கேட்கத் தொடங்கி, இன்னும் முடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆமீன் வந்தார், குடையும் ஃபைலுமாக.
"சீலை உடைச்சது யாரு?"
"காற்று."
தரையைப் பார்த்தார்.
"காற்று சாணி போடுமா?"
கன்று அவருடைய செருப்பு வாரை நக்கிக்கொண்டிருந்தது.
காலை இழுக்காமல்
நின்றபடியே வெகுநேரம் எழுதினார், பிறகு வாசித்தார்:
"வடக்கறைச் சீல் காற்றினால் சிதைந்துள்ளது.
பொருட்கள் பட்டியலில் கண்டபடி உள்ளன.
கூடுதலாக, கன்று ஒன்று."

"புதுசு வைக்கணும். இதை வெளிய எடும்," என்று
அரக்கைக் காட்டத் தீப்பெட்டி தேடினார்.
என்னுடையதைக் கொடுத்தேன்.
"வச்சுக்கிடுங்க சார்.
சன்னலை மட்டும் சாத்தாண்டாம்."