அட்டையில் தேதி

ராத்திரி பத்தரைக்கு
இரண்டாம் பேஸ்மெண்ட், நாற்பத்தேழாம் தூணருகே
குனிந்து ஒரு அட்டையைத் தள்ளுகிறேன்,
மிக்ஸி வந்த பெட்டியைப் பிரித்தது.
காலையில் இழுத்துப் பார்ப்பேன்.
விழுந்த சொட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம்,
பக்கத்தில் தேதி.

பச்சை என்றால் கூலண்ட்.
பழுப்பாய், அழுகிய பூண்டு நெடியோடு வந்தால் கியர் ஆயில்.
நிறமும் மணமும் இல்லாத ஒன்று உண்டு,
ஏ.சி. தண்ணீர். அது மட்டும் நல்ல சேதி.
இது கறுப்பு.
எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்துக்கு நேர் கீழே.

அசோசியேஷன் செயலாளர் குல்கர்னி
மூன்று கடிதம் அனுப்பிவிட்டார்.
மூன்றாவதில் ‘கறை’ ஐந்து தடவை.
அவர் வண்டிக்கு எட்டு மாத வயது.
சார்ஜரைச் செருகினால் போதும்,
எதுவும் சொட்டாது,
எதுவும் சொல்லாது.

என்னுடையது தொண்ணூற்றிரண்டு மாடல் மியாட்டா.
இரண்டே இருக்கை, துணிக்கூரை.
விளக்கைப் போட்டால்
வலது கண் உடனே எழும்,
இடது கண் கொஞ்சம் யோசிக்கும்.
எனக்கு முன்னால் நாலு பேர் கை.
மூன்றாமவர் ஈ. லோபோ, குக் டவுன்.

லோபோவைத் திட்டாத வாரமில்லை.
ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள்,
ஸ்பீக்கர் ஒயருக்கு ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.
எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக்
கம்பெனியில் இறங்கிய மாதிரி ஆக்குவதாகச் சபதம்.

போன வருஷ போனஸ் மொத்தமும் சஸ்பென்ஷனில் போனது.
ஜப்பானிலிருந்து வந்து
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தது.
மாட்டி இறக்கினால்
பாயப் பதுங்குவது போல நின்றது வண்டி.
தெருமுனை வரை பதுங்கியது.
முனையில் வெள்ளையடிக்காத ஹம்ப்.
அடிவயிறு உரசிய சத்தம் என் பல்லில் கேட்டது.
அன்று சாயங்காலமே ஸ்பேனரோடு படுத்து உயர்த்தினேன்.
டார்ச் பிடித்தபடி தயாபரன் கேட்டான்:
“ஆக, பழைய உயரம்?”
“ரெண்டு மில்லிமீட்டர் கம்மி.”
அந்த ரெண்டு மில்லிமீட்டருக்குத்தான் அத்தனை பணம்.

கறுப்புச் சொட்டுக்கு வருகிறேன்.
கலாசிபாளையத்து இம்தியாஸ் பார்த்துவிட்டு,
“பின்சீல் போச்சு மேடம், கியர்பாக்ஸை இறக்கணும்” என்றார்.
நாற்பதாயிரம். ஒரு வாரம்.
சரி என்று வாயெடுத்தவள், எதற்கோ
எஞ்சினுக்குப் பின்னால் கைபோகாத சந்தில்
விரலை நுழைத்தேன்.
மேலேயே ஈரம்.
ஒரு சென்சார், அதன் கழுத்தில் ரப்பர் வளையம்.
முப்பது வருஷச் சூட்டில் வெந்திருந்தது,
கழற்றியதும் கண்ணாடி வளையல் மாதிரி உடைந்தது.
ஜே.சி. ரோட்டில் முப்பத்தைந்து ரூபாய்.
“ரெண்டா வாங்குங்க, ஒண்ணு உருண்டு போயிடும்” என்றார் கடைக்காரர்.
போனது.

அன்றுதான் கண்ணில் பட்டது:
ரேடியேட்டரைத் தாங்கும் பட்டைத் தகடு,
ஓரம் தேய்ந்து,
நுனியில் ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை.
தோசைத்திருப்பி.
வளைத்து, துளையிட்டு,
அதிராமலிருக்க சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி...
குக் டவுனில் அன்று யாரோ
அடுக்களை முழுக்கத் தேடியிருப்பார்கள்.
அசல் பிடி என் அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது.
நட்டை அரைச்சுற்று இறுக்கினேன்,
அவ்வளவுதான்.

மறுநாள் அட்டையில் ஒன்றுமில்லை.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் பயம் வந்தது,
சொட்ட ஏதாவது மிச்சமிருக்கிறதா?
டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்தேன்.
இரு கோட்டுக்கும் நடுவே, தேன் நிறம்.

ஞாயிறு விடியுமுன் ஓசூர் ரோடு மேம்பாலம்.
வாரமெல்லாம் இரண்டாம் கியரில் இருமுகிற வண்டி
நாலாவதில் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடாமலும் ஓடியது,
அந்த ரெண்டு மில்லிமீட்டர் வளைவில் தெரிந்தது,
அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.
கூரை திறந்திருக்க, கால் சுடுகிறதென்று
தயாபரன் ஏ.சி.யைப் போட்டான்.
“பெங்களூருக்கே ஏ.சி. போடுறியா?” என்றேன்.

வீடு திரும்பி நிறுத்திக் குனிந்தால்
அட்டையில் ஈரம்.
தொட்டேன். மோந்தேன்.
நிறமில்லை, மணமில்லை.
பேனாவைத் தேடி வட்டம் போட்டேன்.
தேதி எழுதுவதற்குள்
காயத் தொடங்கிவிட்டது.