மணிக்கணக்கு

த்ராட்டில் கைப்பிடிக்கு மேலே ஆமைப் படம், கீழே முயல்.
முயல் அழிந்து இரண்டு காது மட்டும் மிச்சம்.
எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த சேர்மக்கனி
கட்டைவிரலால் தேய்த்தே தின்றுவிட்டான்.
ஆமையின் ஓட்டில் பெயிண்ட் இன்னும் புதுசு.

களக்காட்டுக்குத் தெற்கே, பச்சையாற்றுப் பாசனம்.
ஞானதிரவியம் அண்ணாச்சி தோட்டத்தில்
மூன்று மாத ஏத்தன் கன்று.
வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஆறடி.
பெரிய வண்டி நுழைந்தால் இலை கிழியும்.
அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்,
பொம்பளையா ஓட்டுவா என்று
புரோக்கரிடம் இரண்டு தரம் கேட்டபிறகு.

காலையில் ரோட்டவேட்டர்.
கோரை மண்டிக் கிடந்தது.
இதற்கு டீசல் மிச்சம் பார்க்க முடியாது.
பின்தண்டு நிமிஷத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று கேட்கும்,
கொடுக்க வேண்டுமானால்
எஞ்சின் இரண்டாயிரத்து நானூறில் நிற்கவேண்டும்.
முள் அங்கே போனதும்
சத்தம் சாக்குத் தைக்கிற சணல்போல
ஒரே இழையாக ஓடும்.
குறைத்தால் கட்டி கட்டியாய்ப் புரளும்.
அதற்கு மேல் கூட்டினால் புட்டுமாவு;
ஒரு சாரல் விழுந்தால் போதும்,
மாவு அப்பளமாகும்,
வேர் மூச்சுக்குத் தவிக்கும்.

மத்தியானம் அடுத்த வயலில் தார் வெட்டு.
டிரெய்லரில் அடுக்கி ரோட்டு முக்கு வரை நடை.
கியரை ஒன்று கூட்டினேன்,
கைப்பிடியை ஆமைப் பக்கம் ஏற்றினேன்.
ஆயிரத்தைந்நூறு.
போகிற வேகம் அதேதான்.
பின்னால் வந்தவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது,
அதில் என்னைப் பற்றியும் கொஞ்சம்.

வாய்க்கால் மேட்டில் மட்டும் திணறியது.
புகை கறுத்தது.
ஸ்டியரிங் வழியே முழங்கைவரை ஒரு குத்து.
எஞ்சின் அப்படித்தான் ஏசும்.
க்ளட்ச் மிதித்து ஒரு கியர் இறக்கினேன்,
ஏசுவதை நிறுத்திக்கொண்டது.

சாயங்காலம் கணக்கு.
மணிக்கு எழுநூறு, டீசல் என் பாடு,
மீட்டர் பார்த்துக் காசு என்று பேச்சு.
என் வாட்ச்சில் ஆறு மணி நேரம்.
மீட்டரில் ஐந்துகூட முழுசாக இல்லை.

"இது நேரத்தை எண்ணாது அண்ணாச்சி, சுத்தை எண்ணும்.
பைய ஓட்டுனா இதோட மணியும் பையத்தான் போகும்."

"மீட்டர்னுதான பேசுனோம்?"

"பேசுனோம். நாளைக்குச் சின்ன கியர்ல போட்டு
முயல்ல வச்சு ஓட்டுதேன்.
தார் அதே நேரத்துக்குத்தான் ரோட்டுக்குப் போகும்.
மீட்டர் ஆறு காட்டும். நீங்க ஆறுக்குத் தரணும்."

அவர் வண்டியைப் பார்த்தார்.
வண்டியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.
கைப்பிடிக்குக் கீழே
அந்த இரண்டு காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் தார் இழுக்க இதே வண்டிதான் வந்துச்சு.
நாள் பூரா அலறிச்சு.
பய நல்லா சோலி பாக்குதான்னு
காப்பி வேற வாங்கிக் குடுத்தேன்."

நான் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் ஐந்துக்குத்தான் தந்திருப்பார்.
ஐந்தரைக்கு எண்ணினார்,
எச்சில் தொட்டு, இரண்டு தரம்.
நாளைக்கு நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்,
மீட்டரும் வேண்டாம் வாட்ச்சும் வேண்டாம் என்றார்.
நடைக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.

சொசைட்டித் தவணை பதினெட்டாம் தேதி.
விட்ட அரை மணி முந்நூற்றைம்பது.
ஆமைப் பக்கம் ஓடி மிச்சமான டீசல்
இரண்டு லிட்டராவது இருக்கும்.
கழித்துப் பார்த்தேன்.
கூட்டியும் பார்த்தேன்.
ஒழுங்காக ஓட்டியதற்கு
இன்றைக்கு நான்தான் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன்.

அணைப்பதற்கு முன்னால் இரண்டு நிமிஷம்
சும்மா ஓடவிடவேண்டும், சூடு இறங்க.
எண்ணூறு சுற்று.
பானெட்டில் உட்கார்ந்த தும்பி
அதிர்வு தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது.
அந்த இரண்டு நிமிஷத்தை யார் கணக்கிலும் எழுதவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
மீட்டரின் கடைசி எண்
எட்டில் பாதியும் ஒன்பதில் பாதியுமாக நின்றது.