தண்ணீருக்கு டச்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடைக்கு
வெள்ளி கட்டியாக வரும், கம்பியாக வரும்,
அறுந்த கொலுசாக,
ஒருமுறை லாரி ஏறி நசுங்கிய குங்குமச் சிமிழாகவும்.
மிஷினில் வைத்தால் அரை நிமிடம்;
எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு என்று சீட்டு வரும்,
அதன் பின்னாலேயே சண்டையும் வரும்.

தண்ணீராக வந்தது இந்த வாரம்தான்.

மாரப்பன், ஜவ்வரிசி மில்லில் எலக்ட்ரீஷியன்.
கண்ணாடி பாட்டில், உள்ளே
வெளுத்த டீயின் கடைசி மடக்கு நிறத்தில் ஏதோ.
"இதுல எத்தனை இருக்கு, பாத்துச் சொல்லும்மா."
ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்று,
இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர் அரை லிட்டர்,
நம் தெருவிலேயே வாங்கிய சுத்தக் கம்பி இரண்டு.
மூடியில் துளை போட்டுத் தொங்கவிட்டால்
சீரியல் முடிவதற்குள் தயார்.
தொண்டைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.

பேனா போல மீட்டர் ஒன்றும் வைத்திருந்தார்,
கேன் தண்ணீர் போடும் பையனிடம் வாங்கியது.
முக்கினார். ஒன்பது.
"கம்மிதானே?"
கூட்டலாமா என்று கேட்டது கண்.

அந்த மீட்டருக்குக்
கரைந்து மின்சாரம் சுமக்கிற வெள்ளி மட்டும்தான் கேட்கும்.
பொடியாகிச் சும்மா மிதப்பது
எவ்வளவு இருந்தாலும் அதன் கணக்கில் வராது.
மகனின் பச்சை லேசரை வாங்கிப் பாட்டிலில் அடித்தேன்:
தண்ணீருக்குள் நேராக ஒரு நூல் நின்றது.
வெறும் தண்ணீரில் அப்படி நிற்காது.
ஒரு கரண்டி எடுத்து உப்புக்கல் போட்டேன்,
பால் திரிந்தாற்போல வெளுத்தது.
இரண்டு விதமாகவும் இருக்கிறது.
எவ்வளவு என்பதை மட்டும் இரண்டுமே சொல்லவில்லை.

"கம்பியைக் கொண்டாங்க" என்றேன்.
"இங்க எடை போட்டு எடுத்துட்டுப் போங்க,
ஓட்டிட்டு மறுபடி கொண்டாங்க."

மறுநாள் ஃபேனை நிறுத்திவிட்டு
கண்ணாடிக் கதவை மூடி,
வெளியே பருப்பு மூட்டை இறக்குகிற தட்டு வண்டி
நகரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோம்.
பதினொரு மில்லிகிராம் குறைந்திருந்தது.
துடைத்த கறுப்பிலும் அடிவண்டலிலும் இரண்டு போனாலும்
அரை லிட்டரில் ஒன்பது.
லிட்டருக்குப் பதினெட்டு.
மீட்டர் சொன்னதற்கு இரண்டு பங்கு.

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.
நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.
அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன்.
அடியில் வெள்ளையாக இருக்க வேண்டிய பிறை
மழைக்கு முந்தைய மத்தியானத்தில்
எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற
சேர்வராயன் மலையின் நிறத்தில் இருந்தது.

"எத்தனை நாளா குடிக்கிறீங்க?"
"ஆச்சு, ரெண்டு வருஷம்."
"தினமுமா?"
"காலைல பாதி, ராத்திரி பாதி."

ஒன்பதை எழுநூற்று முப்பதால் பெருக்கினேன்.
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
ஆறரை கிராம், கொஞ்சம் மேலே.
பேர் வைக்கும் நாளில் போடுகிற
ஒற்றைக் கொலுசின் எடை.
"இது என்ன கணக்கு?"
"பாட்டில்ல இல்லாத கணக்கு.
எல்லாமே தங்கியிருக்காது,
தங்கினது கையில தெரியுது."

விரல்களை மடக்கிக்கொண்டார்.
எங்கள் தெருவில் எதையும் உருக்கிப் பிரித்துவிடுவார்கள்,
அவருக்கும் அது தெரியும்.
"உள்ள போனதை எடுக்க முடியாதா?"
"நிறுத்துங்க முதல்ல. தோல் டாக்டரைப் பாருங்க."
கூலி எவ்வளவு என்றார்.
வேண்டாம் என்றேன்,
டச் சீட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஃபேனைப் போட்டேன்.
தராசின் கடைசி இலக்கம் வெகுநேரம் நடுங்கியது.

பாட்டிலை விட்டுவிட்டே போயிருந்தார்.
தரை கூட்டிய தூசியைக்கூடச்
சலித்து விற்கிற கடை எங்களுடையது.
அந்த அரை லிட்டரை
சாக்கடையில் ஊற்றப் போனேன்.
பழக்கம், கை ஒருகணம் நின்றது.
பிறகு ஊற்றிவிட்டேன்.