மாதிரி எடுத்த இடம்

நெக்டோ போத்தல், மூடியைச் சுற்றிப் பொலித்தீன்.
ஆய்வுகூட மேசையில் வைத்துவிட்டு
உதுமாலெவ்வை நின்றுகொண்டே இருந்தார்,
சாரத்தின் விளிம்பிலிருந்து தரையில் சொட்ட.
"இதுக்குள்ள என்னென்ன கிடக்கெண்டு
பாத்து ஒரு துண்டு தாங்க தங்கச்சி.
கச்சேரிக்குக் குடுக்கணும்."

கடல் தண்ணி காக்கா, என்றேன்.
பாராமலே சொல்லலாம்:
கிலோவுக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
மாரி இப்போதுதான் ஓய்ந்தது,
இரண்டு மூன்று குறையும்.
ஆறுகள் கலந்து கொஞ்சம் பொய் சொல்லியிருக்கும்.

"பாருங்க" என்றார்.

வெள்ளி நைத்திரேற்று விழுந்ததும்
எலுமிச்சை பட்ட பாலாய்த் திரைந்தது குளோரைட்டு.
பதினேழே முக்கால்.
சோடியம் அதன் பாதிக்குச் சற்று மேல்.
சல்பேற்று. நாக்கடியில் கசக்கும் மக்னீசியம்.
கல்சியமும் பொற்றாசியமும் ஏறக்குறைய ஒரே நிறை.
வற்றவைத்த கிண்ணத்தில்
எல்லாம் காய்ந்த பிறகும் ஒன்று காயவில்லை;
காற்றைக் குடித்துக் குடித்து
மறுபடி தண்ணீராகப் பார்த்தது.

துண்டில் இரண்டு கட்டம்:
கரைந்தவை, கரையாதவை.
இரண்டாவதற்கு
வடிதாளில் ஒரு விரல்நுனி மண்.
அரைக் கிராமும் இல்லை.

தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
மடியிலிருந்து உறுதியை எடுத்து விரித்தார்.
வடக்கே மீராசாகிபு போடி வளவு,
தெற்கே ஒழுங்கை,
கிழக்கே கடற்கரை.
இருபது பேர்ச், தென்னை பதினொன்று,
கல்லுக் கட்டிய கிணறு ஒன்று.

துறைமுகத்துக் கல்லணை முடிந்த பிறகு
கிழக்கு எல்லை நடக்கத் தொடங்கி
இப்போது மேற்கு எல்லையில் நிற்கிறது.

"கரைக்கு ஏன் கரையெண்டு பேர் வெச்சாங்களெண்டு
இப்பதான் விளங்குது."
சிரிப்பாரென்று பார்த்தேன். இல்லை.
வடிதாளை நாலாய் மடித்து
உறுதிக்குள் வைத்தார்.

மாதிரி எடுத்த இடம்:
ஒலுவில் கடற்கரை என்று எழுதப்போனேன்.

"கரையில அள்ளல்ல."

நெஞ்சளவுக்கு இறங்கி,
காலால் தடவித் தடவி,
வட்டமாய்க் கல் தட்டுப்பட்ட இடத்தில்
மூச்சடக்கிக் குனிந்து நிரப்பினாராம்.

படிவத்தில் பெட்டிகள் நான்கு:
குழாய், ஆறு, கடல், கிணறு.
பேனை கொஞ்சம் தயங்கியது.
கிணறு என்பதில் சரி போட்டேன்.

கீழே இன்னொரு கேள்வி:
குடிக்க உகந்ததா? ஆம். இல்லை.

"முந்தி" என்றார் உதுமாலெவ்வை.

அதற்குப் பெட்டி இல்லை.