ஒன்பது மீட்டர் நாற்பது

சுவரிலிருந்து சுவருக்கு
ஒன்பது மீட்டர் நாற்பது.
பிரேமன் நகரத்து எர்லன் தெருவை
மூன்று முறை அளந்துவிட்டேன்.
நாடாவில் பிழையில்லை.

நடப்பவர்க்கு இருபுறமும் ஒன்று எண்பது.
சைக்கிளுக்கு ஒன்றரை.
தீயணைப்பு வண்டிக்கு
மூன்று மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும்.
நிற்கும் கார்களுக்கு, இரு வரிசை, நான்கு.
கூட்டினால் பன்னிரண்டைத் தாண்டுகிறது.
கணக்கு உதைத்தது.

நான் வருமுன்பே
தெரு தானாக ஒரு கணக்குப் போட்டிருந்தது:
இரண்டு சக்கரம் கல்தளத்தில்,
இரண்டு சக்கரம் நடைபாதையில்,
கால் தூக்கிய நாய்களைப் போல
வரிசையாகக் கார்கள்.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்;
இங்கே யாரும் கொடுக்கக்கூட இல்லை.

மிச்சமிருக்கும் எழுபது சென்டிமீட்டரில்
இரட்டைப் பிள்ளைகளின் தள்ளுவண்டியை
நுழைத்துப் பார்ப்பாள் மாரேன்.
கண்ணாடியில் இடிக்கும்.
பின்வாங்கிச் சாலையில் இறங்குவாள்.
எதிரே த்யார்க்,
பின்னிருக்கையில் மகள், பெல்லடித்தபடி.
ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள்.
நிற்கும் காரை யாரும் திட்டுவதில்லை.
அது எதுவும் செய்யவில்லையே.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்.
வரைபடத்தை விரித்தேன்:
ஒரு வரிசை போகும்,
பத்தொன்பது கார்களுக்கு வேறிடம் பார்க்க வேண்டும்.
மருத்துவமனைச் சீருடையோடு எழுந்தாள் கெஷே:
"இரவுப் பணி முடித்து வந்து
நாற்பது நிமிடம் தெருத்தெருவாகச் சுற்றுகிறேன்.
என் தூக்கத்தை
அந்த நாடாவால் அளப்பீர்களா?"
நாடாவைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

பதினேழாம் எண் வாசலில் ஒரு நீலக் கார்.
ஜன்னல் ரப்பரில் பாசி.
இரண்டு குளிர்காலமாக நகரவில்லை
என்று குறித்துக்கொண்டேன்.
பயன்பாடு: பூஜ்யம்.

கதவைத் திறந்த வீப்கே சொன்னாள்:
"ஹின்னெர்க் இரண்டு மீட்டர் உயரம்.
இருக்கை அவர் தள்ளிவைத்த இடத்திலேயே இருக்கிறது.
நான் ஓட்டினால்
முன்னால் இழுக்க வேண்டும்."

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பூஜ்யத்தை அடித்தேன்.
வேறெதையும் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.
தம்பியின் கொட்டகைக்கு அனுப்புகிறாளாம்.
இழுவை வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது,
உள்ளே நுழைய இடமில்லை.
நான்கு டயரும் சப்பை.
த்யார்க் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தான்.
"என் பாதையை மறித்த வண்டி" என்றான்,
குனிந்து அடிக்கத் தொடங்கினான்.
ஒரு டயருக்கு முந்நூற்றுச் சொச்சம் அடி.
மகள் எண்ணினாள்,
நூற்றுக்கு மேல் தவறாக.

வீப்கே ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.
இழுக்கவில்லை.
கால்கள் பெடலை எட்டவில்லை.
கைகள் மட்டும் ஸ்டியரிங்கில்.
மாரேனும் நானும் இன்னும் நாலு பேரும்
பின்னாலிருந்து தள்ளினோம்.
கார் முனகி, நடைபாதையிலிருந்து
தொப்பென்று இறங்கியது.
உள்ளே அவள் அழுதாளா தெரியாது.
பின்கண்ணாடி முழுக்கத் தூசி.

தூறிக்கொண்டிருந்தது.
கார் நின்ற இடம் மட்டும்
வெளுத்து, காய்ந்து, ஒரு நீள்சதுரம்.
இரண்டு இலையுதிர்காலத்து இலைகள் அதன் மேல்.
ஒன்பது சதுர மீட்டர்;
என் மகன் தூங்கும் அறை அதைவிடச் சிறியது.

அப்போதுதான் கெஷே வந்தாள்.
காலி இடத்தைக் கண்டதும்
வேகம் குறைந்தது,
இண்டிகேட்டர் மின்னத் தொடங்கியது.
தள்ளுவண்டியோடு மாரேன் நின்றாள்.
பம்போடு த்யார்க் நின்றான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
என் பையில் ஏதோ உத்தரவு இருப்பதுபோல.

ஒரு வரிசை போனாலும்
எழுபத்தைந்து சென்டிமீட்டர் குறைகிறது
என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது.
காய்ந்த கல்லின் மேல்
ஒவ்வொரு துளியாக
இடம் பிடித்துக்கொண்டிருந்தது மழை.