ஒரு டிப்பர் மண்

வீட்டுத்திட்டத்துக்கென்று பறித்த மண்,
ஒரு டிப்பர்.
எங்கள் ஒழுங்கையில் வேறு மலை கிடையாது.
உச்சியில் ஏறினால்
ஒட்டுசுட்டான் சந்தி தெரியுமென்று
லக்சிதன் புளுகுவான்.

மேசன் வியாழன் வருவதாகச் சொன்னார்.
மழை புதன் இரவே வந்துவிட்டது.

விடிய எழும்பிப் பார்த்தேன்.
மலையை யாரோ கிழித்திருந்தார்கள்.
உச்சியில் தலைமயிர் மொத்தத்தில் ஒரு கீறல்,
பக்கத்தில் இன்னொன்று,
கொஞ்சம் இறங்கியதும் இரண்டும் ஒன்று,
அதற்குள் வேறு இரண்டு வந்து விழ
அடியில்
என் பெருவிரல் புதைகிற பள்ளத்தாக்கு.

"நாய் பிறாண்டினது" என்றான் தம்பி.

நாய் பிறாண்டினால் இப்படி நெளியுமா?
சல்லிக்கல்லைக் கண்டதும் விலத்திப் போகுமா?
தண்ணீர்தான் விலத்தும்.
இளகிய பக்கம் பார்த்து வளையும்.
வளைவின் வெளிக்கரையைத் தின்னும்,
தின்றதைக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய்
அடுத்த வளைவின் உள்கரையில் துப்பும்.
பேராற்றில் குளிக்கிற இடமும் அப்படித்தான்:
ஒரு பக்கம் ஆழம், மருதமரத்தின் வேர் தொங்கும்;
மறு பக்கம் மணல், செருப்பைக் கழற்றி வைக்கலாம்.

பிறகு அந்தச் சோடா மூடி.
நேற்று மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது,
இன்று ஒரு தூணின்மேல் நிற்கிறது,
சுண்டுவிரல் உயரத் தூண்.
"ஆர் தூக்கி வச்சது?"
ஒருவரும் தூக்கவில்லை.
என் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை
குந்தியிருந்து யோசித்தேன்.
மூடி மேலே ஏறவில்லையடா,
சுற்றி நின்ற மண்தான் கீழே போயிருக்கிறது.
மூடிக்குக் கீழே மழை அடிக்கவில்லை,
அவ்வளவுதான் சங்கதி.

அப்படியென்றால்
முத்தையன்கட்டுக் காட்டோரம்
யானை முதுகுபோலப் படுத்திருக்கிற கருங்கல்?
அதுவும் முளைத்திருக்காது.
மெதுவான மண்ணெல்லாம் மழையோடு போக
கரையத் தெரியாதது மிச்சமாய் நிற்கிறது.
எத்தனை மாரி பெய்திருக்கும்?
எனக்கு எண்ணத் தெரியாது.
எங்கள் மலைக்கு ஓர் இரவு போதும்,
அதற்கு,
நான் அறிந்த இலக்கங்கள் போதாது.

அடிவாரத்தில் மண் விசிறிபோல விரிந்திருந்தது.
தொட்டுப் பார்த்தோம்.
முதலில் குறுணிக்கல்,
அப்பால் சீனிபோன்ற மணல்,
கடைசியில், வாழைமரத்தடிக் குட்டையில்,
விரலில் ஒட்டுகிற களி.
பாரமானது முதலில் களைத்துப்போகிறது.
இலேசானது கடைசிவரை போகிறது.
குட்டைக்கு 'நந்திக்கடல்' என்று பெயர் வைத்தான்.
சரிதான், பேராறு போய்ச் சேருவதும் அங்கேதானே.
வட்டுவாகலில் மாமா சொல்லுவார்,
கடல் சும்மா இராது,
மணலைத் தள்ளித் தள்ளிக் குறுக்கே வரம்பு கட்டுமாம்.
மாரியில் வெள்ளம் முட்டி
அந்த வரம்பை உடைத்துக்கொண்டு ஓடுமாம்.
கட்டுவதும் தண்ணீர், உடைப்பதும் தண்ணீர்.

அம்மா வந்தார். அவருக்கு வேறு கணக்கு.
"ரண்டு பை மண் ஒழுங்கைக்குப் போட்டுது!"
மண்வெட்டியால்
விசிறியை அள்ளினார், பள்ளத்தாக்கை மூடினார்,
நந்திக்கடலை ஒரு தட்டில் நிரவினார்.
மலை பழையபடி வெறும் மண்.

"இந்த மண் எங்கயிருந்து வந்தது, அம்மா?"
"டிப்பரில."
"அதுக்கு முதல்?"
"ஆத்தில."
"அதுக்கு முதல்?"
அம்மா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.
"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, அபிசனா."

ஒரு பிடி அள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.
ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில்
ஏதோவொரு கருங்கல்லின் ஓரமாயிருந்திருக்கும்.
வகுப்பில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்,
லக்சிதனே பாதிதான் நம்புகிறான்.

பின்னேரம் வானம் மறுபடி கறுத்தது.
மண்ணை மூட அம்மா தறப்பாள் தேடுகிறார்.
தறப்பாள் எங்கேயென்று எங்களுக்குத் தெரியும்,
சொல்லவில்லை.
மலையெங்கும் வைத்துவிட்டோம்
பொறுக்கி வந்த ஏழு மூடி,
ஓர் ஓட்டுத்துண்டு,
என் அழிறப்பர்.

மேசன் வெள்ளிக்கிழமையும் வரவேண்டாம்.