ஏழரை சதவீதம்

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன.
ஒன்றில் கழுகு, மற்றதில் மாநில முத்திரை.
இரண்டும் கேட்டது ஒரே பணம்:
நான் விற்ற பீர் பாட்டில் ஒவ்வொன்றிலும்
ஏழரை சதவீதம்.

மாநிலத்துக்குக் கட்டினால் கட்டியதாகாது
என்கிறது அபுஜா.
அபுஜாவுக்குக் கட்டினால் கடையைப் பூட்டுவோம்
என்கிறது போர்ட் ஹார்கோர்ட்.
ஒரே ஆட்டின் கழுத்தில் இரண்டு கயிறு.
தீர்ப்பு வரும்வரை ஆடு
மேயாமல் நிற்குமா?

ஏழரையைக் கூட்டவே வந்தாயா என்றேன்
கடிதம் கொண்டுவந்த பையனிடம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
குளிர்ந்தது ஒன்று இருக்கிறதா என்றான்.

மூன்றாம் மேசையில் டகோகோ,
துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்ந்தவர்.
சிந்திய நுரையில் விரலால்
நாட்டின் படம் வரைவார்.
'இங்கே எண்ணெய். இங்கே கடல்.
அதோ, அந்த வடக்கில் நம் பீர் அகப்பட்டால்
லாரியோடு மறித்து உடைத்து மணலில் ஊற்றுகிறார்கள்.
மாதக் கடைசியில் அதே பீரின் வரிப்பங்கு மட்டும்
அவர்களுக்குக் கசப்பதில்லை, பெலெமா.'
மூன்றாவது பாட்டிலில் பிரிந்து போவோம் என்பார்.
நான்காவதில் கொடிக்கு நிறம் பார்ப்பார்.
அதற்குப் பிறகு
கழிப்பறைவரை சுவர்தான் அவரைக் கூட்டிப்போகும்.

வாசலில் குடை நட்டு
சுயா சுடுகிறான் ஹபு, கட்சினாக்காரன்.
ஒரு சொட்டு தொடமாட்டான்.
அவன் காரத்தால் என் பீர் போகிறது,
என் பீரால் அவன் இறைச்சி.
எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை.
வெள்ளிதோறும் பல்பு வெளிச்சத்துக்கென்று
ஐந்நூறு நைரா வைத்துவிட்டுப் போவான்,
எண்ணிப் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டேன்:
என் பீர்க்காசில் உன் ஊருக்கு என்ன செய்தார்கள்?
கம்பிகளைத் திருப்பிப் போட்டபடி
வெகுநேரம் யோசித்தான்.
'ஆழ்குழாய் ஒன்று போட்டார்கள். திறப்பு விழா நடந்தது.
கல்வெட்டு இன்னும் நன்றாக இருக்கிறது.'

பிறகு அந்த வாரம்.
எங்கோ ஒரு சந்தையில் யாரோ யாரையோ வெட்ட,
வெங்காய லாரிகள் வடக்கிலேயே நின்றுவிட்டன.
மாடும் வரவில்லை. தக்காளியும் வரவில்லை.
ஹபுவின் அடுப்பில் சாம்பல் மட்டும்.
மிளகு சூப்பை ஒரு வாய் குடித்த டகோகோ
கிண்ணத்தைத் தள்ளினார்.
'என்ன இது, வெந்நீரா?'
'சுதந்திரம்' என்றேன்.
அன்று அவர் படம் வரையவில்லை.

இரவில் ஓடைக்கரையிலிருந்து அண்ணன் பேசினான்.
அவன் வீட்டுக் கொல்லையில்தான் குழாய் போகிறது.
மீன் இல்லை, தண்ணீரில் எண்ணெய்ப் படலம்.
'எங்கள் காசில் உங்களுக்கு மேம்பாலமா?
இனி உங்களோடு முடியாது,
எங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும்.'
மூன்றாம் மேசையின் பேச்சு, எழுத்துப் பிசகாமல்.
அபுஜா இருந்த இடத்தில் இப்போது
நான்.
எதிர்க்கரைக்காரனுக்கு இழப்பீட்டில் பங்கு தருவாயா
என்று கேட்கலாம்தான்.
'அவனுக்கு எதற்கு?' என்பான்.
கேட்கவில்லை.

சமையலறையில் எபியேரே
டிப்ஸ் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுகிறாள்.
அடுப்படி வியர்வை அவளுடையது,
பங்கு ஐந்து பேருக்கும் சமம்.
இரண்டாம் முறை எண்ணுகிறாள்.
நாணயங்கள் விழும் சத்தம்
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்கிறது.

இருபத்தொன்றாம் தேதி, கெடு.
பணத்தை உறையில் வைத்து ஒட்டினேன்.
யார் பெயர் எழுதுவது என்று
பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே வழக்கம்போல் கரி விழுந்துகொண்டிருந்தது,
காட்டுக்குள் யாரோ திருட்டு எண்ணெய் காய்ச்சும் கரி.
அதற்கு மட்டும் இந்த ஊரில் வரி இல்லை,
எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு.
ஜெனரேட்டர் நின்றது.
ஹபு தன் விளக்கை உள்ளே கொண்டுவந்து வைத்தான்.
அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்:
வெள்ளை உறையின் மேல்
முத்திரை என்று இருந்தது
என் கட்டைவிரல் கரி ஒன்றுதான்.